காடு வளர்க்கும் மருந்து

மட்டக்களப்பு வாவிக்குக் கரைகள் இரண்டு. கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. மேற்கே, வயலும் குளமும் காடுமாக விரிந்து செல்லும் நிலம் படுவான்கரை. ஞாயிறு எழும் பக்கம் ஒன்று. படும் பக்கம் மற்றொன்று. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள வாவியின் இரு மருங்கையும் இத்துணை எளிமையாக நம் முன்னோர் பெயரிட்டு வைத்தனர்.

வெளியூரிலிருந்து வருவோர் கல்லடிப் பாலத்தில் நின்று மீன் பாடும் ஒலியைக் கேட்க விழைவர். கடற்கரையில் உலாவுவர். ஒரு சட்டி எருமைத் தயிரும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவர். படுவான்கரைக்குச் செல்வோர் சிலரே. அவருள்ளும் பலர் கோயில் தரிசனத்தோடு நின்றுவிடுகின்றனர். கோயிலுக்கு அப்பால் உள்ள காட்டைக் காணப் புகுவோர் மிகச் சிலர். அக்காட்டைப் பற்றியும், அதன் நிழலை நம்பி வாழும் மருந்துச் செடிகளைப் பற்றியுமே இங்கு எழுத முற்பட்டோம்.

மரங்கள் பெயரிட்ட ஊர்கள்

முன்னாளில் ஆரையம்பதிப் பக்கமிருந்து படுவான்கரைக்குச் செல்வோர் மண்முனைத் துறையிற் 'பாதை' ஏற வேண்டும். மனிதரையும் வண்டிகளையும் சுமந்து நீரைக் கடக்கும் மிதவைக்கு இந்நாட்டில் அதுவே பெயர். பாதை அக்கரை சென்று மீளும் வரை வெயிலிற் காத்து நின்றவர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். 2014 ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. இப்போது சில நிமிடங்களில் வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலையை அடைந்துவிடலாம்.

கொக்கட்டிச்சோலை என்ற பெயரே ஒரு காட்டின் நினைவு. கொக்கட்டி மரத்தடியிற் சிவலிங்கம் தானே தோன்றியது என்பது அங்குள்ள தான்தோன்றீச்சரத்தின் தலவரலாறு. அயலூராகிய மகிழடித்தீவின் பெயரில் மகிழமரம் நிற்கிறது. முனைக்காட்டின் பெயரிற் காடே நிற்கிறது. இவ்வூர்களுக்கு அரசரோ அதிகாரிகளோ பெயர் வைக்கவில்லை. மரங்களே வைத்தன என்று சொல்லத் தோன்றுகிறது.

மேற்கே செல்லச் செல்ல வயல்கள் குறைந்து பற்றைகள் மிகுகின்றன. பின்னர் பாறைகளும் பழைய கட்டடச் சிதைவுகளும் நிறைந்த தாந்தாமலை தோன்றுகிறது. மலையில் முருகன் கோயில் கொண்டுள்ளான். 'சின்னக் கதிர்காமம்' என அடியார் இதனைப் போற்றுவர். ஆடி மாதத் திருவிழாவின்போது காடெல்லாம் 'அரோகரா' ஒலியால் நிறையும். திருவிழா முடிந்தபின் யானைகளும் மயில்களும் தம் ஊரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்.

மூன்று மாடி வீடு

இக்காட்டுக்குள் நாமும் மாணவர் சிலரும் ஒரு முதிய பரியாரியாரின் துணையோடு சென்றோம். வெளியே கச்சான் காற்று அனலை வாரி வீசிக்கொண்டிருந்தது. பத்தடி உள்ளே நுழைந்ததும் உடல் குளிர்ந்தது. பாலையும் வீரையும் முதிரையும் மேலே கூரை வேய்ந்திருந்தன. அவற்றின் கீழே சிறு மரங்களும் முட்பற்றைகளும் இரண்டாவது கூரையாக நின்றன. அவற்றுக்கும் கீழே, சருகு மூடிய தரையில், பெயர் தெரியாதவன் களையென்று மிதித்துச் செல்லக்கூடிய சிறு செடிகளும் கொடிகளும் கிடந்தன. அம்மூன்றாவது தட்டுத்தான் பரியாரியாரின் மருந்துப் பெட்டி.

மரத்தைப் பற்றி ஏறிய சீந்திற் கொடியைக் காட்டினார். முட்களுக்கிடையே நூல்போன்ற இலைகளை விரித்து நின்ற சாத்தாவாரியைக் காட்டினார். தமிழ்நாட்டார் தண்ணீர்விட்டான் கிழங்கு என்பது இதனையே. பின்னர் குனிந்து, ஒல்லியான ஒரு கொடியின் அடியிற் சருகை விலக்கி, விரல் நீளமுள்ள ஒரு வேர்த்துண்டை எடுத்து எம் கையிற் கொடுத்தார். முகர்ந்தவுடன் மாணவர் அனைவரும் ஒரே குரலில் "நன்னாரி!" என்றனர். நன்னாரி வேரின் மணத்துக்குக் காரணமான பொருள் வனிலாவின் மணப்பொருளோடு நெருங்கிய உறவுடையது. ஒரே அணுக்களை வேறு வகையில் அடுக்கியது என்று இரசாயன நூலார் கூறுவர். சர்பத்துக் கடையில் அதைச் சுவைத்தவர் பலர். மண்ணிலிருந்து வரும்போது முகர்ந்தவர் அன்றுதான் முதன்முறை.

நாம் கவனித்தது வேறொன்று. பரியாரியார் கொடியை முழுதும் பிடுங்கவில்லை. பக்க வேரை மட்டும் நறுக்கினார். கணுவோடு கூடிய அடித்தண்டுத் துண்டொன்றைச் சற்றுத் தள்ளி மண்ணிற் புதைத்து, முன்போலச் சருகை மூடினார்.

"ஏன் ஐயா, தோட்டத்திலே நட்டு வளர்க்கக்கூடாதா?" என்று மாணவன் ஒருவன் கேட்டான்.

"வளர்க்கலாம் தம்பி. நல்லாய் வளரும். ஆனா எல்லா மருந்தும் வெளியிலே வராது. சிலதுக்குக் காடுதான் தாய். எங்கட அப்பு சொல்லுவார், எடுத்த இடத்திலே ஒண்டை வைச்சிட்டு வா எண்டு. அவ்வளவுதான் எங்கட விவசாயம்" என்றார்.

அவ்வளவுதான் என்று அவர் சொன்னதிலே ஒரு பெரிய கலை அடங்கியிருக்கிறது. உழாமல், எருவிடாமல், மரத்தை வெட்டாமல், காட்டைக் காடாகவே விட்டு அதற்குள் மருந்தைப் பயிரிடும் கலை அது.

பெயர் ஒன்று, செடி இரண்டு

பரியாரியார் காசு கொடுத்து வாங்கும் மருந்துகளுள் ஒன்று நிலவேம்பு. இதனை வாசிக்கும் தமிழ்நாட்டு அன்பர்கள் வியப்புறலாம். டெங்குக் காய்ச்சற் காலங்களில் அங்கே வீதிதோறும் நிலவேம்புக் குடிநீர் வழங்கப்படுவதை அவர்கள் அறிவர். அந்நிலவேம்பு ஆடாதோடையின் குடும்பத்தைச் சேர்ந்தது. வெயிலிலும் வளரும், விதைத்த ஆண்டிலேயே அறுவடைக்கு வரும்.

இலங்கை வைத்தியர்கள் நிலவேம்பு என்று பெரிதும் மதிக்கும் செடி வேறொன்று. சிங்களத்தில் அதனைப் 'பின்கொஹொம்ப' என்பர். தரைவேம்பு என்பதே அதற்கும் பொருள். இது உண்மையாகவே வேம்பின் குடும்பத்தில் வந்தது. வானளாவும் வேம்புக்கும் மலைவேம்புக்கும் உறவான இது, ஒரு சாண் அளவே உயர்ந்து, ஒற்றைத் தண்டின் தலையில் இலைகளைக் குடைபோல் விரித்து, வெண்ணிறப் பூக்களோடு பாறையிடுக்கிலும் மரநிழலிலும் வாழ்கிறது. உலர் வலயத்திலும் இடை வலயத்திலும் உள்ள காடுகளே இதன் வீடு. காய்ச்சலுக்கான கஷாயங்களிற் சிறந்ததெனப் பெயர் பெற்றதால், உள்நாட்டு மருந்துச் சரக்குகளுள் மிகுந்த விலை பெறுவனவற்றுள் இதுவும் ஒன்றாயிற்று.

விலை உயர்ந்ததே இச்செடிக்கு வினையாயிற்று. நெல்லியின் கனியைப் பறித்தால் மரம் மறுபடி காய்க்கும். வல்லாரையின் இலையைக் கிள்ளினால் மறுபடி தளிர்க்கும். நிலவேம்போ வேரோடு முழுச்செடியாகவே கொள்ளப்படுவது. பூத்து விதையுதிர்க்கும் முன்னரே பிடுங்கப்பட்டால், ஒரு செடியோடு அதன் சந்ததியும் போய்விடுகிறது. மெல்ல வளரும் செடியை விரைந்து பிடுங்கினால் முடிவு யாதாகும்? கணக்குத் தெரிந்த சிறுவனும் விடை சொல்வான். காட்டில் அருகியது, அருகியதால் விலை இன்னும் ஏறியது, விலை ஏறியதால் மேலும் தேடப்பட்டது. சந்தையில் இதற்குப் பதிலாக மற்றைய நிலவேம்பு விற்கப்படுவதும் வழக்கமாயிற்று. நோயாளி குடிப்பது எதுவென்று நோயாளியும் அறியார். சில வேளை மருந்து விற்பவரும் அறியார்.

கடல் கடந்த ஒரு வேர்

இதே கதை உலகின் மறுகோடியிலும் நிகழ்ந்துள்ளது. ஜின்செங் என்னும் வேரின் பெயரை மருந்துக்கடை விளம்பரங்களிற் கண்டிருப்பீர்கள். மனித உருவை ஒத்த வேர் என்பது அச்சீனப் பெயரின் கருத்து. சீனாவின் வடகிழக்கிலும் கொரியாவிலும் உள்ள குளிர்ந்த காடுகளில் மரநிழலில் வளரும் செடி அது. சீனாவில் இருந்த ஜார்த்து என்ற யேசுசபைத் துறவி, அரசருக்காக நாட்டை அளந்து படம் வரையச் சென்றபோது அதனைக் கண்டு எழுதினார். இதுபோன்ற காடு கனடாவிலும் இருப்பதால் அங்கும் இது கிடைக்கக்கூடும் என்றும் குறித்தார். அதனைப் படித்த லாபித்தோ என்ற மற்றொரு துறவி, 1716 இல் மொன்றியலுக்கு அருகே, மோகாக் என்னும் பழங்குடியினரின் துணையோடு, அதே இனத்துச் செடியொன்றைக் கண்டுபிடித்தார். ஒரு காட்டை அறிந்தவர் மற்றொரு காட்டில் இருப்பதை ஊகித்தறிந்தார் என்பது எத்துணை வியப்பு!

வியப்புக்குப் பின்னே வணிகம் வந்தது. 1784 இல் 'சீனத்தின் பேரரசி' என்ற பெயர் தாங்கிய அமெரிக்கக் கப்பல் ஏறத்தாழ 30 தொன் ஜின்செங் வேரோடு நியூயோர்க்கிலிருந்து கன்ரன் துறைக்குச் சென்றது. அமெரிக்கக் காடுகள் தோண்டப்பட்டன. செடி அருகியது. 1975 முதல் அமெரிக்க ஜின்செங்கின் வணிகம் சர்வதேச உடன்படிக்கை ஒன்றினாற் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. குறைந்தது 5 ஆண்டு நிரம்பாத காட்டு வேரை ஏற்றுமதி செய்ய இயலாது. வயதை அறிவது எங்ஙனம்? ஒவ்வோராண்டும் தண்டு உதிரும்போது வேரின் கழுத்தில் ஒரு தழும்பு விழும். தழும்பை எண்ணினால் வயது தெரியும். கனி சிவந்த பின்னரே தோண்ட வேண்டும் என்றும், தோண்டியவர் அக்கனியின் விதைகளை அதே இடத்தில் ஊன்றிவிட்டே செல்ல வேண்டும் என்றும் அங்குள்ள மாநிலங்கள் பல விதித்துள்ளன.

பரியாரியாரின் தந்தை சொன்னதும் அமெரிக்கச் சட்டம் சொல்வதும் ஒன்றாக இருப்பதைக் காண்க.

இதனோடு நின்றுவிடாமல், காட்டிலேயே பயிரிடும் முறையும் அங்கு வளர்ந்தது. இலையுதிர் காலத்தில் மரநிழலிற் சருகை விலக்கி விதையைத் தூவி, மீண்டும் சருகை மூடிவிடுவர். ஜின்செங் விதை முளைக்கவே ஒன்றரை ஆண்டுக்கு மேலாகும். பந்தலிட்ட வயலில் எருவிட்டு வளர்த்தால் 3, 4 ஆண்டுகளில் வேரைத் தோண்டலாம். காட்டில் விட்டால் 8, 10 ஆண்டுகள் பொறுக்க வேண்டும். ஆயினும் காட்டு முறையில் விளைந்த வேரையே வாங்குவோர் பன்மடங்கு விலை கொடுத்துக் கொள்கின்றனர். கொரியாவிலும் மலைக்காட்டில் விதைத்து வளர்க்கும் ஜின்செங்குக்குத் தனிப்பெயரும் தனிமதிப்பும் உண்டு.

ஜின்செங் நம் வாவிக்கரையின் வெப்பத்தில் வளராது. அமுக்கிராவை 'இந்திய ஜின்செங்' என்று அழைப்பதும் ஓர் உபசார வழக்கே. கத்தரி இனத்தைச் சேர்ந்த அமுக்கிரா, மத்தியப் பிரதேசத்து வெயில் வயல்களில் அரையாண்டில் விளைந்துவிடும். ஆதலின் நாம் கடன் வாங்க வேண்டியது அந்த வேரையன்று. அதை வளர்க்கும் முறையை. அம்முறைக்கு ஏற்ற செடிகள் நம்மிடமே உள்ளன.

பட்டிப்பளை ஆற்றின் தலைமாட்டில்

அம்முறையும் நமக்கு முற்றிலும் புதிதன்று. படுவான்கரைக்குத் தென்மேற்கே, கல்லோயா எனப்படும் பட்டிப்பளை ஆற்றின் மேற்பகுதியில், பிபிலைக்கு அண்மையில் நில்கல என்னும் காடு உள்ளது. 4 ஆம் நூற்றாண்டில் ஆண்ட புத்ததாச மன்னனின் மருந்துத் தோட்டமாக அது விளங்கியது என்பது மரபுவழிச் செய்தி. அம்மன்னன் தானே வைத்தியன். பத்துக் கிராமங்களுக்கு ஒரு வைத்தியரை நியமித்தவன் என்று சூளவம்சம் புகழ்கிறது. நில்கலவிற் புல்வெளிக்கிடையே கடுக்காய், தான்றி, நெல்லி மரங்கள் பரவலாக நிற்கின்றன. மூன்றின் காயும் சேர்ந்தால் திரிபலை. அரசன் நட்டானோ, இயற்கை நட்டதை அரசன் காத்தானோ, அதனைக் காலம் அறியும். திரிபலைக்கு வேண்டிய மூன்றும் ஒரே காட்டில் நிற்பது கண்கூடு.

அதே ஆற்றின் கீழே 1949 இற் கல்லோயாத் திட்டம் தொடங்கிற்று. இங்கினியாகலையில் அணை எழுந்தது. நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காடு 1954 இல் தேசியப் பூங்காவாயிற்று. அங்கும் திரிபலை மரங்கள் உண்டு. 1990களின் பிற்பகுதியிற் சர்வதேச உதவியோடு தொடங்கிய மூலிகைப் பாதுகாப்புத் திட்டம் ரிட்டிகலை, நாவுல, கன்னெலிய, ராஜவக்க ஆகியவற்றோடு பிபிலையையும் மருந்துச்செடிக் காப்பிடமாகத் தெரிந்தெடுத்தது. ரிட்டிகலை மலை, அனுமன் சுமந்து வந்த மருந்து மலையின் சிதறிய துண்டு என்று சொல்லப்படுவதை நம் பிள்ளைகளுக்கு நினைவூட்டலாம். இராமாயணக் கதையில் அனுமன் ஒரு செடியைத் தேடிச் சென்று மலையையே பெயர்த்து வந்தான். செடியை அதன் மண்ணோடும் மரத்தோடும் சேர்த்தே கொண்டுவந்த அறிவு அதிலே இருக்கிறது போலும்!

நில்கலவுக்கும் இடர் இல்லாமல் இல்லை. கோடையில் மூட்டப்படும் தீ புல்லோடு இளங்கன்றுகளையும் எரிக்கிறது. கடுக்காயின் விதை கடினமான ஓடு உடையது. முளைக்கக் காலம் கொள்ளும். பழுத்து விழுந்தவை யாவும் விலைக்குப் பொறுக்கப்பட்டு, தப்பிய ஒன்றிரண்டும் முளைத்தபின் தீயில் மாண்டால், முதிய மரங்களின் காலத்தோடு அக்காடு முடிந்துவிடும். பெரிய மரங்கள் நிற்பதைக் கண்டு காடு நலமாயிருக்கிறது என எண்ணிவிடலாகாது. தரையிற் கன்றுகள் உண்டா என்று குனிந்து பார்க்க வேண்டும்.

இழந்ததும் எஞ்சியதும்

படுவான்கரைக் காடும் பல இன்னல்களைக் கண்டது. 1978 நவம்பரில் வீசிய சூறாவளி தென்னைகளோடு காட்டு மரங்களையும் சாய்த்தது. அதன்பின் வந்த நீண்ட போர்க்காலத்தில் மக்கள் காட்டுக்குள் அடியெடுத்து வைக்க அஞ்சினர். 2009 இற் போர் முடிந்தபின் வீதிகள் செப்பனிடப்பட்டன, பாலங்கள் எழுந்தன. மக்களுக்கு அவை பெரும் நன்மை. ஆயினும் மருந்து தேடுவோர் செல்லும் அவ்வழியிலேதான் மரம் வெட்டும் வாளும் செல்கிறது.

மரம் வீழ்ந்தால் மருந்தும் வீழும். கூரை பிரிந்த வீட்டிற் குடியிருப்பார் யார்? வெயில் நேரே தரையைத் தொட்டால் சருகு உலரும், புல் ஏறும், புல்லைத் தொடர்ந்து தீ வரும். நிழலை நம்பிய செடி ஒரு கோடையைக் கூடத் தாங்காது. நாம் இழப்பது செடியை மட்டுமன்று. செடியை இனங்காணும் கண்ணையும் இழக்கிறோம். அன்று எம்மோடு வந்த மாணவர் நன்னாரியை மணத்தால் அறிந்தனர். கொடியைக் கண்டு அறிந்தவர் ஒருவருமில்லை. பரியாரியாரின் பிள்ளைகள் நகரத்தில் வேலை பார்க்கின்றனர். அவர் கையில் இருப்பது எழுத்தில் இல்லாத ஏடு.

என் செய்யலாம்?

அரசின் ஒதுக்குக் காட்டிற் செடி பிடுங்குவது சட்டப்படி குற்றம். ஆதலின் காட்டுக்குட் சென்று மருந்து சேர்க்குமாறு எவரையும் நாம் தூண்டவில்லை. நம் கைக்கு எட்டியவையே போதும்.

முதலாவது, வீட்டு முற்றத்தில் வளரக்கூடியதை முற்றத்தில் வளர்ப்போம். வல்லாரை, தூதுவளை, ஆடாதோடை, துளசி ஆகியவை கிணற்றடியிலும் வேலியோரத்திலும் மகிழ்ந்து வளரும். இவற்றுக்காகக் காட்டைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. நன்னாரியும் மாமர நிழலில் வேலியைப் பற்றி வளரும். இரண்டு மூன்று ஆண்டு பொறுத்தால் வீட்டுத் தேவைக்கு வேர் கிடைக்கும்.

இரண்டாவது, கோயில் வளவுகளையும் பாடசாலை வளவுகளையும் நினைப்போம். பல கோயில்களின் பின்புறத்தில் இன்னும் சில மரங்கள் நிழல் தந்து நிற்கின்றன. விழாவுக்கு முன் அவ்விடத்தைப் பெருக்கிச் சருகுக்குத் தீ வைப்பதை அழகு என்று எண்ணுகிறோம். ஒரு மூலையிலேனும் சருகைச் சருகாக விட்டு, மாரி மழை தொடங்குமுன், நிழலில் வளரும் மூலிகைகளின் விதையையோ கன்றையோ அங்கு இட்டுவிட்டால், ஐப்பசியில் வரும் மழை மற்றதைப் பார்த்துக்கொள்ளும். நிலவேம்பை நிழல்வலையின் கீழ் வளர்த்தும், இழைய வளர்ப்பு முறையாற் பெருக்கியும் நம் நாட்டு ஆராய்ச்சியாளர் சோதித்துள்ளனர். அவ்வாறு பெருக்கிய கன்று காட்டு நிழலுக்குத் திரும்புமாயின் அதுவே நிறைந்த பயன்.

மூன்றாவது மாணவர்க்கு உரியது. உம் ஊரில் ஒரு முதிய வைத்தியர் இருப்பார். ஒரு விடுமுறை நாளில் அவரோடு நடந்து, பத்துச் செடிகளின் பெயரையும் அவை வளரும் இடத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். நிலவேம்பு என்ற ஒரு பெயர் இரு செடிகளைக் குறிப்பதைக் கண்டோம். பெயரை மட்டும் அறிந்தவர் மயங்குவர். செடியை அறிந்தவர் மயங்கார்.

காட்டுப் பயிர்ச்செய்கையில் உழைப்புக் குறைவு, பொறுமை மிகுதி. விதைத்தவனே அறுவடை செய்வான் என்ற உறுதி அதில் இல்லை. பாலைமரத்தை நட்டவர் அதன் முழு நிழலைக் கண்டதில்லை; ஆயினும் நாம் இன்று அந்நிழலிற் குளிர்ந்தோம். நம் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் நாளிலே, அவனுக்கு வேண்டிய கைப்பு மருந்து படுவான்கரையின் ஏதோ ஒரு பாறையிடுக்கில் நிற்க வேண்டும். அதற்கு வேண்டிய விதையை இடும் பொறுப்பு நம்முடையது.